துரை பங்களா முன்னால் ஒரு சைக்கிள்

கண்டியிலிருந்து கப்பலேறி, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு நான் வந்து சேர்ந்த புதிது. பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, சோலைக்காட்டுச் சரளை ரோட்டில் தினமும் வேலைக்குப் போவேன். எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களா வந்தால் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன்.

ஒருநாள், கூட வேலை செய்த கோயமுத்தூர்க்காரர் ஆறுமுகம் கேட்டார். "ஏனுங்க, ஏத்தத்துல மூச்சு வாங்க மிதிக்கறீங்க, சமமான எடத்துல எறங்கறீங்களே?"

"தொரை பங்களா தானே. எறங்காட்டி அடிப்பாங்க தானே."

"இங்க ஆருங்க அப்படிச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கண்டியில் ஒருமுறை இறங்க மறந்ததற்காக என் அப்பாவைப் பிரம்பால் அடித்தார்கள். அந்தச் சட்டத்தை இங்கே தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது.

மறுநாள் மணியடித்துக்கொண்டே பங்களாவைக் கடந்தேன். வாசலில் நின்ற துரை, "என்னப்பா, திமிரா?" என்றார்.

"சைக்கிள் தானே தொரை. மிதிச்சாத்தான் போகும்."

எனக்கு வயதாகிவிட்டது. இன்றும் அந்த இடத்தில் கால் தானாக இறங்கப் பார்க்கும். விடமாட்டேன், அழுத்தி மிதிப்பேன்.