கூடத்துக்குக் கீழே ஓடிய தண்ணீர்

மரக்காணத்தில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். உப்பளத்தை ஒட்டிய ஊரில் கரிக்காத கிணறு கிடைத்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. ஆரிஃபா அக்காவின் கணவர் ஷஃபி மச்சானுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு மடக்கு குடித்தார். "சர்பத்து மாதிரி இருக்குதுடா ஃபாரிஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

குடிபோன மறுநாள் காலையில் கூடத்துத் தரைக்குக் கீழே சலசலவென்று சத்தம். பக்கத்து வீட்டு வேலம்மாள் சாவகாசமாகச் சொன்னார்: "பின்னாடி நாலு வூட்டு சாக்கடையும் உங்க கூடத்துக்கு அடியிலதாங்க போவுது. முப்பது வருஷமா அப்படித்தான்." அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஷார்ஜா பைப் கம்பெனியில சூப்பர்வைசர், சொந்த வூட்டுப் பைப்பு தெரியலையே மச்சான்" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் அவர் அங்கே பார்த்தது சாக்கடைக் குழியில் இறங்கும் வேலை. மேலே நின்று கயிறு பிடித்த, பக்கத்து ஊர் அனுமந்தையைச் சேர்ந்த பக்கிரிக்கு மட்டும்தான் அப்போது அது தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் தன் கையைத் தொடவே அருவருப்பாள் என்று மனிதருக்குப் பயம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது லீவில் அவர் வந்து இறங்கிய நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கார் நிற்பதற்குள் அத்தர் மணம் தெருவெல்லாம் பரவிவிடும். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், டார்ச் லைட், எனக்கென்று ஒரு வாட்ச். அந்த மணத்துக்காகவே பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் தூங்கியதில்லை.

ஐப்பசி மழையில் குழாய் அடைத்துக்கொண்டு கூடத்துக்குள்ளேயே சாக்கடை ஏறிவிட்டது. அடைப்பு எடுக்க ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "வூட்ட வித்துடலாம். இதுல மனுஷன் இருப்பானா?" என்று அக்கா அழுதாள்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு சட்டையைக் கழற்றினார். குதிகாலால் தரையை அங்கங்கே தட்டிப் பார்த்து, "இங்கதான் அடைச்சிருக்குது" என்றார். கொல்லைப்புறத்து மூடியைப் பெயர்த்து, நீளமான மூங்கில் பிளாச்சைத் தோள்வரை கையை உள்ளே விட்டுச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் எல்லாத் தண்ணீரும் இறங்கிவிட்டது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் அக்கா.

"அங்க இந்த வேலைதான் பார்த்தேன் ஆரிஃபா. சூப்பர்வைசர்னு சொன்னது பொய்." அவர் தலை நிமிரவில்லை.

அக்கா கிணற்றில் ஒரு வாளி இறைத்துக்கொண்டு வந்தாள்.

"அதனாலதான் ஒவ்வொரு தடவையும் அவ்ளோ அத்தர் பூசிக்கிட்டு வந்தீங்களா?"

மச்சான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கையைக் காட்டுங்க" என்றாள். அவர் நீட்டியதும் தண்ணீரை ஊற்றித் தானே கழுவிவிட்டாள்.