பேட்டரிக் கதவு

துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் மாமா அதைச் சொன்னார். கூடத்தில் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள்.

"நம்ம சார்ஜுக்குக் கடைசியில சார்ஜ் இறங்கிப் போச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

'சார்ஜ்' என்பது இறந்துபோன என் அண்ணனுக்கு மாமா வைத்த பெயர். அண்ணன் விசேஷங்களுக்குப் படம் எடுப்பவன். ஃபிலிம் கேமரா, அதில் நான்கு பென்சில் பேட்டரி. அவன் சார்ஜ் செய்கிற பேட்டரிதான் போடுவான். கஞ்சத்தனம் என்றார்கள். கஞ்சனா அவன்? கூட்டமாக நிற்கவைத்து எடுத்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுவார். உடனே இன்னொன்று எடுத்தாக வேண்டும். அந்தப் பேட்டரியில்தான் ஃப்ளாஷ் சட்டென்று மறுபடி தயாராகும். அதற்காகத்தான்.

அந்தப் பேட்டரிகளை அவன் பார்த்துக்கொண்ட விதம் அவர்களுக்கு என்ன தெரியும்? சும்மா வைத்திருந்தாலே இறங்கிவிடும் என்பதால், வேலைக்கு முதல் நாள் மாலை மிக்ஸிக்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜர் ஏறிவிடும். ஒரு செட் இன்னொரு செட்டோடு கலக்கக் கூடாது என்று அண்ணியின் நகப்பாலிஷால் பொட்டு வைத்திருந்தான், ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ரோஸ். ஒரே ஒரு தொல்லை. சாதாரண பேட்டரியைவிட இதில் வோல்ட் கொஞ்சம் குறைவு. அதனால் முழுக்க ஏற்றிப் போட்டாலும் பேட்டரி தீரப்போகிறது என்று காட்டும் கேமராவின் குறி முதல் படத்திலிருந்தே மின்னிக்கொண்டிருக்கும். "அது சும்மா பயங்காட்டும், விடு" என்பான்.

மாமாவின் பணி ஓய்வு விழாவிலும் அந்தக் குறி மின்னியது. அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மாமா அதைப் பார்த்துவிட்டார். கடையிலிருந்து புதுப் பேட்டரி வரவழைத்து, தானே மாற்றப் போனார். பேட்டரிக் கதவு அடியில் இருக்கிறது. அவர் இழுத்தது பக்கவாட்டில் இருந்த கொக்கியை. ஃபிலிம் இருக்கிற பின்கதவு திறந்து, எடுத்த படங்களின் மேல் வெளிச்சம் விழுந்தது. படக்கென்று மூடி, கேமராவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். தண்ணீர்ச் செம்போடு வந்த அண்ணி பார்த்தாள்.

கழுவி வந்த படங்களில் மாமாவுக்கு மாலை விழுந்ததெல்லாம் வெளிச்சம் தின்று வெளுத்துக் கிடந்தது. பேட்டரி தீர்ந்தால் படம் இருட்டாகும், இல்லாவிட்டால் விழவே விழாது. வெளுக்குமா? இதை யாரும் கேட்கவில்லை. "சார்ஜ் பேட்டரியைப் போட்டு என் விழாவையே கெடுத்துட்டான்" என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். சொந்தத்தில் யாரும் அதற்குப் பிறகு அண்ணனைக் கூப்பிடவில்லை. பார்த்ததைச் சொல்லி அண்ணி குமுறியபோது, "பெரியவர், சபையில தலைகுனியணுமா? விடு" என்றானாம். அவன் மறைத்துக் காப்பாற்றிய மனிதர்தான் இப்போது அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார்.

நான் எழுந்து போய் பீரோவிலிருந்து கேமராப் பையை எடுத்து வந்தேன். உள்ளே ஃபிலிம் இல்லை. சிவப்புப் பொட்டு பேட்டரிகள் இருந்தன. கேமராவை மாமாவின் மடியில் வைத்தேன்.

"மாமா, அண்ணன் ஞாபகமா ஒரு படம் எடுக்கலாம்னு இருக்கேன். பேட்டரிய மட்டும் கழட்டித் தாங்க, சார்ஜ் போடணும்."

"இதுல என்ன பெரிய வித்தை" என்று சொல்லிக்கொண்டே புரட்டிப் பார்த்தார். விரல் நேராகப் பக்கவாட்டுக் கொக்கிக்குப் போனது. பின்கதவு வாயைப் பிளந்தது.

"பேட்டரிக் கதவு அடியில இருக்கு மாமா," என்றேன். "அன்னைக்கும் அடியிலதான் இருந்தது."

சற்றுமுன் சிரித்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். மாமா பின்கதவை மூடப் பார்த்தார். அது சரியாகப் பொருந்தவில்லை.

"பழைய கேமரா," என்றார். "தானா திறந்துக்குது."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அண்ணி வந்தாள். அவர் மடியிலிருந்து கேமராவை எடுத்து, அடிக்கதவைத் திறந்து, பேட்டரிகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்தது.