நடுவில் எழும்பாத இடம்

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர் முடிவை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் திரும்பி வந்து, "சின்னப் புண்ணாம். வயித்தை வெட்டாமல் உள்ளுக்காலயே எடுக்கலாமாம்," என்றாள். நம்பினேன். என்னோடு இத்தனை வருடம் சண்டை பிடித்தவளுக்குப் பொய் மட்டும் வராது என்பது என் எண்ணம்.

சின்னப் புண்ணுக்கு என்ன அவசரம்? நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலைகள் முற்றி நின்றன. வெட்டி முடியட்டும் என்றேன். பிறகு ஆடி அமாவாசை. கீரிமலையில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பார்ப்போம் என்றேன். அதற்குப் பிறகு கோயில் திருவிழா. "நேரத்தோட எடுத்தால் நல்லதுதானேப்பா," என்று மனைவி இடைக்கிடை முனகுவாள். நான் முறைத்தால் அடங்கிவிடுவாள். சின்னப் புண் என்று சொன்ன வாயால் எப்படி அவசரப்படுத்துவது?

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் விளங்கப்படுத்தினார். புண்ணின் விளிம்பில் ஒரு சின்னக் கிளிப்பைக் கொளுவி, அதில் கட்டிய நூலை வாய்வழியாக வெளியே எடுத்து, மெல்ல இழுத்துப் பிடிப்பார்களாம். புண் மேலே எழும்பினால்தான் அடியில் வெட்டும் இடம் தெரியுமாம். தாய்வாழையிலிருந்து குட்டி பிரிக்கும்போது நாங்களும் அதை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டுதானே வெட்டுகிறோம். எனக்குப் பயமே வரவில்லை.

மயக்கம் தெளிந்தபோது கட்டிலருகே டொக்டர் மட்டும் நின்றார். மனைவி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாள்.

"ஐயா, நூலை இழுக்க விளிம்பு எழும்பினது. நடு எழும்பேல்லை. அடியோட ஒட்டிட்டுது. அதால நிப்பாட்டிட்டம். இனி வயித்தை வெட்டித்தான் எடுக்கவேணும்."

"புண் எப்பிடி டொக்டர் ஒட்டும்?"

"இது கான்சர் எண்டு உங்களுக்குச் சொல்லேல்லையோ? முதல் பாக்கேக்கை மேலாலதான் இருந்தது. உடன வரச்சொல்லி உங்கட மனுசியிட்டைச் சொன்னனான்."

பிறகு வந்து மனைவியோடு கதைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாழைக்குலைக்கும் திருவிழாவுக்குமா என் உயிரைக் கொடுத்தேன்? அவள் வரட்டும், இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

வந்தாள். முகம் கழுவியிருந்தும் கண்கள் வீங்கிக் கிடந்தன. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "புண் முழுக்க வந்திட்டுதோப்பா?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். கான்சர் என்ற சொல் வரவில்லை.

"ஓம்," என்றேன். "சின்னப் புண்தானே."