இரண்டு பெட்டி எலிகள்

அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர் யாருமில்லை என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஒரு மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து குடித்த எலிகளின் புற்றுக்கட்டிக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் திமுதிமுவென்று நுழைந்திருந்தன. குடிக்காதவற்றில் அவை கட்டியின் ஓரத்தோடு நின்றுவிட்டன. ஸ்லைடுகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். நான்கு வருட உழைப்பு. கட்டுரை எழுதி முடித்தாயிற்று, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் எலிக்கூண்டுகளைச் சுத்தம் செய்யும் பெண் வாயைத் திறந்தார். பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர், என்னைவிட வயதில் சின்னவர். அதற்கு முன்பு தக்காளி மண்டியில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாராம். பெட்டியின் அடியில் ஒரு பழம் அழுகியிருந்தாலும் குனியாமலே சொல்லிவிடுவாராம்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே மேடம்? மருந்து குடிச்ச எலிங்க கூண்டும் மத்த கூண்டும் ஒரே வாடை இல்லீங்க."

"மருந்து குடிச்சா வாடை மாறத்தாம்மா செய்யும்."

"மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியேங்க. வந்த அன்னைக்கே வேற வேற வாடைங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன். உட்கார்ந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். எலிகள் இரண்டு பெட்டிகளில் வந்திருந்தன. கலந்துவிடக் கூடாதே என்று ஒரு பெட்டி முழுவதையும் மருந்துக்கும், மற்றதை மருந்தில்லாததற்கும் ஒதுக்கியவள் நானேதான். பெரிய ஒழுங்கு என்று நினைப்பு. எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும். ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் கிருமிகள் ஒரே மாதிரி ஆகிவிடும். கிருமிகள் வேறானால் அங்கே வந்து சேரும் எதிர்ப்பு செல்களும் வேறாகலாம். அப்படியானால் நான் பார்த்தது மருந்தின் வேலையா, பெட்டியின் வேலையா? இதையெல்லாம் பாடமாகவே படித்தவள் நான். எனக்கு உறைக்கவில்லை, அவர் மூக்குக்குத் தெரிந்திருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

கட்டுரையை நிறுத்தினேன். மறுபடி அனுமதி வாங்கி முதலிலிருந்து தொடங்கினோம். புதிய எலிகள் வந்ததும், மூன்று வாரம் அவர் எல்லாக் கூண்டுகளிலும் விரித்திருந்த அழுக்கு மரத்தூளை அள்ளி, கிருமிகள் ஒன்றாகட்டும் என்று கலந்து திரும்பப் போட்டார். ஒருநாள் வரிசையாக முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப எல்லாம் ஒரே வாடைங்க, ஆரம்பிக்கலாம்" என்றார். ஒவ்வொரு கூண்டிலும் பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். ஊட்டக் கற்றுக்கொண்டு, தினமும் அவற்றின் வாயில் ஊட்டியதும் அவர்தான். எந்த எலிக்கு எது என்று அவரையே பிரித்துச் சீட்டில் எழுதி, எனக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன், என்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. நடுவில் ஒருநாள் ஆசை தாங்காமல், "ஒரே ஒரு எலி மட்டும் சொல்லும்மா" என்று கெஞ்சினேன். "அதெல்லாம் ஆகாதுங்க" என்று கூண்டைத் துடைக்கப் போய்விட்டார்.

ஸ்லைடுகளில் செல்களை எண்ணி முடித்த அன்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். எதிர்ப்பு செல்கள் நிறைய நுழைந்திருந்த எலிகளின் எண்களை நான் வாசிக்க, அவர் சீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மருந்துங்க. தண்ணிங்க. தண்ணிங்க. மருந்துங்க. தண்ணிங்க."

"சரியாப் பாரும்மா."

"சரியாத்தாங்க பாக்கறேன். தண்ணிதான்."

மருந்து குடித்ததும் குடிக்காததும் ஒன்றுபோலவே இருந்தன, மருந்து ஒன்றும் செய்திருக்கவில்லை. நான்கு வருடம் போயிற்று. அவர் முன்னாலேயே அழுதேன். அதோடு, அந்தப் பொய்யை ஊருக்குச் சொல்லாமல் தப்பித்தேனே என்ற நிம்மதியும் இருந்தது.

"நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?" என்று கேட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். தண்ணீர் மட்டுமே குடித்த ஓர் எலியின் கட்டி அது. பழுப்புப் புள்ளிகளாக எதிர்ப்பு செல்கள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெகுநேரம் பார்த்தார்.

"மருந்தே குடிக்கல. இத்தனை பேரு உள்ள வந்திருக்காங்களே மேடம், யாருங்க கூப்பிட்டது?"

இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு புது நோட்டை எடுத்து, அவர் கேட்டதை அப்படியே முதல் வரியாக எழுதினேன்.