வாசல் வெளிச்சத்தில் கண் பார்த்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, செங்கம் சாலையில் ஒரு விடுதி வாசலில் பார்சல் இறக்கிக்கொண்டிருந்தேன். என் நண்பன் தினேஷின் தங்கை ரேவதி போன் செய்தாள். முதலில் அழுகைதான் கேட்டது. தினேஷுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். "அண்ணா, சரளா அக்கா போயிட்டாங்கண்ணா" என்றாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. தினேஷ் இல்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த நிம்மதியே சரளா அக்கா கொடுத்ததுதான்.

வேங்கிக்காலில் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உங்களில் பலர் அவரிடம் ஊசி குத்திக்கொண்டிருப்பீர்கள். பலகையில் ஒரு டாக்டர் பெயர் இருக்கும். டாக்டரை நாங்கள் பார்த்ததில்லை. ரத்தம் எடுத்தது, மெஷின் ஓட்டியது, ரிப்போர்ட்டை மனிதர் பாஷையில் சொன்னது எல்லாம் அக்கா. அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்: சரளா.

வருகிறவர்களை அவர் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவாரே, ஞாபகம் இருக்கிறதா? கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்து, பகல் வெளிச்சத்தில் கண் பார்ப்பார். "டியூப் லைட்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க" என்பார்.

நான் அவரிடம் போனது ஆணழகன் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது. எங்கள் ஜிம் மாஸ்டர் பேர் ஒட்டாத டப்பாவிலிருந்து தினமும் ஒரு மாத்திரை எடுத்துத் தருவார். "ஊசிதான்டா ஆபத்து. இது வாயில போடுறது, சத்து மாத்திரை மாதிரி" என்பார். நாங்கள் நம்பினோம். போலீஸ் தேர்வு, கல்யாண மண்டபத்தில் பவுன்சர் வேலை, எதற்குப் போனாலும் முதலில் மார்பைத்தான் பார்க்கிறார்கள். அடி அண்ணாமலை மாதிரி ஊரில் பட்டப்படிப்பு முடித்து வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது? ஸ்டீராய்டு என்ற வார்த்தையை ஜிம்மில் யாரும் உச்சரித்ததே இல்லை.

சோர்வு தாங்காமல் ரத்தம் கொடுத்தேன். கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது. அக்கா என் கையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா சாப்புடுற?"

"முட்டை, கோழிக்கா."

"கோழி இந்த நம்பரைத் தராது. மாத்திரைதானே?"

அவரே சொன்னார். "வாயில போடுறது மொத்தமும் கல்லீரல் வழியாதான்டா போவும். அது சுலபமா உடைச்சிடக் கூடாதுன்னே அந்த மாத்திரையைச் செஞ்சு வெச்சிருக்கான். உடைக்க முடியாம அது நாசமாவுது. பிரஷர் ஏறும், நல்ல கொழுப்பு கம்மியாவும், கெட்டது ஜாஸ்தியாவும். இன்னொண்ணும் சொல்றேன், வெளியில பெருக்குதுன்னு ஆடுறியே, ஜட்டிக்குள்ள சுருங்குறதையும் கொஞ்சம் பாத்துக்கோ."

பக்கத்தில் காத்திருந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னியோட நிறுத்து. ரெண்டு வாரம் கழிச்சி வா" என்றார் அக்கா. சரி என்றேன். நிறுத்தவில்லை.

ஆனால் விஷயம் அம்மா காதுக்குப் போய்விட்டது. நல்ல ரிப்போர்ட் வந்தால்தான் மேடை ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அப்போது நான் செய்த வேலையை ஜிம் பையன்களைத் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான். அக்கா வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்கிற காலை நேரமாகப் பார்த்து, என் பெயரில் தினேஷை அனுப்பினேன். தினேஷ் முட்டையும் சுண்டலும் மட்டுமே தின்று உடம்பு ஏற்றியவன். மாத்திரை போடுகிற எங்களை "டேய் மெடிக்கல் ஷாப்பு" என்று கூப்பிடுகிறவன். அவன் ரத்தத்தை விடச் சுத்தமான ரத்தம் எங்கே கிடைக்கும்? அந்த நேரத்தில் வரவேற்பையும் பார்த்து ரத்தமும் எடுக்கிற புதுப்பெண்ணுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியாது.

சாயங்காலம் அக்காவே போன் செய்தார். "உடனே வா." போனேன். வாசலுக்கு இழுத்துப் போய் இமையைப் பிடித்து இழுத்தார். இரண்டு கண்ணையும் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை என் மார்பில் வைத்து அழுத்தினார்.

"உன் கண்ணு வெள்ளையா இருக்கு. இந்த ரிப்போர்ட்டுக்காரன் கண்ணு மஞ்சக்கட்டி மாதிரி இருக்கணும். யார் ரத்தம்டா இது?"

"என்னோடதுதான்கா" என்றேன். அந்த நேரத்திலும் என் தலைக்குள் மேடைதான் இருந்தது.

அக்கா கத்தவில்லை. "சரி. உன்னோடதுன்னே எழுதிக்கிறேன். நீ நல்லா இருக்க, வீட்டுக்குப் போ. உனக்காகக் கை நீட்டினவன் ஒருத்தன் இருக்கான் பாரு, அவன் செத்துப்போவட்டும்."

பெயரைச் சொன்னேன். பைக்கில் போய் அவனைக் கூட்டி வந்தேன். ஒரு வாரமாகவே கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தான், கேட்டால் சூடு என்றான். வாசலில் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். நான் பார்த்தேன். அந்த மஞ்சளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எங்களைக் கிண்டல் செய்த அதே வாயால் அவனும் மூன்று மாதமாக மாத்திரை விழுங்கியிருக்கிறான். உடம்பு அரிப்பும் காமாலையும் வந்த பிறகு, காலையில் கீழாநெல்லிச் சாறும் ராத்திரியில் மாத்திரையுமாகச் சமாளித்திருக்கிறான். "மாத்திரை போடாத உடம்புன்னு பேர் எடுத்துட்டேன்கா. எப்படிச் சொல்றது?" என்று அழுதான்.

"உயிரோட இருந்து கெட்ட பேர் எடு" என்றார் அக்கா. அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றி, கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரிடம் மாத்திரை விஷயத்தை மறைக்காமல் சொன்னதும் அவர்தான். நாங்களாகப் போயிருந்தால் தண்ணீர் சரியில்லை என்று சொல்லியிருப்போம். மாஸ்டர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஜிம் சுவரில் இருந்த தினேஷின் போட்டோவை மட்டும் கழற்றினார். டப்பாவை எடுக்கவில்லை.

தினேஷ் தேற நாலு மாதம் ஆனது. நான் அன்றைக்கு நிறுத்தியவன்தான், மேடை ஏறவில்லை. என் கணக்கும் மெதுவாக இறங்கியது.

அக்காவுக்குக் கருப்பையில் புற்றுநோய். ஊர் ரத்தத்தையெல்லாம் பார்த்தவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள யாரும் ஒரு நாள் லீவு கொடுக்கவில்லை. கடைசி வாரங்களில் வலி அவரைப் பிழிந்தது. அது முடிந்ததில் எனக்கு நிம்மதிதான், அவர் இல்லாதது வேறு.

சாவதற்குப் பத்து நாள் முன்னால் நானும் தினேஷும் போயிருந்தோம். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தினேஷ் தன் புது ரிப்போர்ட்டை நீட்டினான். அதை அவர் வாங்கவே இல்லை.

"ஜன்னல் கிட்ட போய் நில்லு. கண்ணைக் காட்டு."

அவனே இமையை இழுத்துக் காட்டினான். படுத்தபடியே ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெள்ளை" என்றார். "போங்கடா, போய்ச் சோறு துன்னுங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கட்டை விரல் வேலை ஒன்றுதான். ஜிம் மாறிவிட்டேன். புது இடத்திலும் கண்ணாடியும் லைட்டும் ஏராளம், அங்கே எல்லாருமே அழகாகத் தெரிகிறார்கள். நேற்று ஒருவன் உடம்பு அரிக்கிறது என்றான், சூடு என்றான். எடையை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.