காற்றின் மேல் போட்ட பழி

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு சிறிய போத்தல் எப்போதும் இருக்கும். சிவப்புச் சவர்க்காரத்தைச் சீவி மண்ணெண்ணெயில் கரைத்தது; இரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாமலிருக்கப் பூசும் மருந்து. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலமெல்லாம் அதைக் காலில் பூசாமல் அவர் எங்கள் வரிசை வீட்டு லயத்தின் வாசலைத் தாண்டியதில்லை. அந்தப் போத்தல் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிப்போகிறது.

என் மாமனார் மட்டக்களப்பு வாவியில் மீன் பிடிப்பவர். மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்த நான், அவருடைய மகளை விரும்பி, அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனேன். “மலைநாட்டு ஆக்களா?” என்று அவருடைய உறவினர் சிலர் முகம் சுளித்திருந்தார்கள். மாமா அசையவில்லை. வருகிற சம்பந்திக்குத் தன் வலையில் பட்ட மீனைத்தான் ஆக்கிப் போடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி, முகம் சுளித்தவர்களையும் அந்தச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும் மீன் பிடிக்க என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். கரையோரத்துப் புல்லைப் பார்த்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “புல்லு இருந்தா அட்ட இருக்கும்டா, காலக் காட்டு” என்று, ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்த போத்தலைத் திறந்து முழங்கால் வரை தேய்த்துவிட்டார். உப்புத் தண்ணீர்க் கரையில் அட்டை ஏது? மலையில் பிறந்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்த காலம் அது. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நேரத்தில் மணலை மீன் கூட்டமாக ஆழமில்லாத சேற்றுப் பக்கம் மேய வரும். காற்று அடித்தால் நீரில் சிற்றலை எழுந்து, ஆள் நிற்பது மீனுக்குத் தெரியாது. காற்றில்லாவிட்டால் நிழல்கூட அதன் மேல் விழக்கூடாது. அன்று ஓர் இலையும் அசையவில்லை. மாமா முகத்தில் வெயில் படும்படி நின்று, வீச்சுவலையை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். என்னை மீன் கூட்டத்தைச் சுற்றிப் போய், பாதத்தைத் தூக்காமல் சேற்றோடு இழுத்து எதிரே நடந்துவரச் சொன்னார். நான் நெருங்க நெருங்க மீன் அவர் பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கவும் செய்தது. நீர்மட்டத்தில் சின்னச் சின்ன வாய்கள் திறந்து மூடுவதை என் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் என் காலைச் சுற்றிப் பல நிறத்தில் மினுங்கும் ஓர் எண்ணெய்ப் படலம் விரிந்து, மெல்ல மீன்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரே துள்ளல். கூட்டம் கலைந்து ஆழத்துக்கு ஓடிவிட்டது.

மாமா படலத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டார். வேறு இடம் தேடிப் போவதற்குள் ஏறிய கடல் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது.

தோணித் துறையில், ஊரே பார்க்க, அடுத்தவர் கூடையிலிருந்து மீன் வாங்கினார். “என்ன அண்ணன், சம்மந்திக்குக் காசு மீனா?” என்று ஒருவர் சிரித்தார். “இண்டைக்குக் காத்துச் சரியில்ல, தம்பி” என்றார் மாமா. காற்றே இல்லாத காலை என்று அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும். என் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், முகம் சுளித்தவர்கள் அத்தோடு கல்யாணப் பேச்சை முடித்திருப்பார்கள். அவர் நீட்டவில்லை. நான் மீன் பையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

கல்யாணம் நடந்தது. அம்மாதான் அந்தக் கதையை இன்னும் விடவில்லை. “மீன் புடிக்கிறவுங்க வீட்லயே காசுக்கு வாங்குன மீனத் தின்னுட்டு வந்தவ நானு” என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். உண்மையைச் சொன்னால் மருந்து தேய்த்த அவர் கூசிப்போவார். சொல்லாவிட்டால் மாமாவின் மானம் போகிறது. நான் இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் மாமா வட்டகொடைக்கு வந்திருந்தார். மழை விட்டதும் தேயிலைக்குள் நடந்து பார்க்க ஆசைப்பட்டார். அம்மா கட்டிலடியிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினார்.

“பயப்படாமப் பூசுங்க சம்மந்தி. அன்னைக்கு உங்க வாவிக்கு வந்தப்பவும் இவனுக்கு இதத்தான் தேச்சுவுட்டேன். ஒரு அட்ட கடிச்சிச்சா?”

மூடியைத் திறந்த மாமாவின் கை சற்று நின்றது. என்னால் பொறுக்க முடியவில்லை. “அம்மா, அன்னைக்கு மீன் படாம போனதுக்கு…” என்று தொடங்கினேன்.

“காத்துத்தான், மருமகன்” என்று சொல்லிவிட்டு, மாமா குனிந்து முழங்கால் வரை மருந்தைப் பூசிக்கொண்டார்.