முகம் வராத படங்கள்

மஞ்சக்குப்பத்தில் வண்ண ரெசின் பிசினைப் பலகையில் ஊற்றிச் சுவர்ப் படங்கள் செய்பவர் அவர். நகக்கண்ணெல்லாம் நீலம் காய்ந்திருக்கும். ஊற்றிய பலகையை, இறுகுவதற்குள் நாலு பக்கமும் சுற்றிவந்து பார்ப்பார். கண், மூக்கு மாதிரி ஏதாவது தெரிந்தால் குச்சியால் கலைத்துவிடுவார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

அவர் பட்டறையில் மாட்டியிருந்த ஒரு பச்சைப் படத்தைக் காட்டி, "இதுல ஒரு பொம்பள மூஞ்சி தெரியுதே, பிரமாதம்!" என்று பாராட்டித் தொலைத்தேன்.

"பிச்சாவரம் பக்கம் கரை ஒதுங்குற பொணத்தையெல்லாம் போலீசுக்கு நான்தான் சார் போட்டோ எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியே பாக்க வேணாம்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றார். பிறகு, படத்தைப் பார்க்காமலே கேட்டார்: "கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

"சும்மா சொன்னேங்க" என்றேன்.

அந்தப் படத்தை நானே வாங்கி வந்துவிட்டேன். கண்கள் திறந்துதான் இருக்கின்றன. எந்தச் சுவரில் மாட்டுவது என்றுதான் தெரியவில்லை.